டைனோவில் ஆர்பிஎம் எடுப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வாகனம் கொண்டுபோவோருக்கு

நம்ம பக்கத்திலிருந்து கொழும்புக்கு வாகனத்தைக் கொண்டுபோய், சக்கரத்தை ரோலரில் ஓடவிட்டு வலுவை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றுபவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் போகிறார்கள்: எத்தனை குதிரைவலு வரும்? அது தானாகவே வந்துவிடும். வராமல் நின்று வதைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண், அதாவது ஆர்பிஎம். என் காருக்கு அந்த எண் கிடைக்காமல், பதிவு செய்த நேரத்தில் பெரும் பகுதி பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதிலேயே கழிந்தது. அவ்வளவு தூரம் எண்ணெய் செலவழித்துப் போகும் இன்னொருவருக்கு அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஆர்பிஎம் சிக்னலை எங்கிருந்து எடுப்பது என்பதை ஊரில் வைத்தே முடிவு செய்யுங்கள். ரோலருக்கு மேலே ஏறிய பிறகு அதைத் தேடாதீர்கள். அங்கே ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் காசு.

டைனோ ரோலருக்குத் தெரிவது இரண்டு: ரோலர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, சக்கரம் அதை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது. இரண்டையும் பெருக்கினால் சக்கரத்தில் வரும் வலு கிடைக்கும். அதற்கு ஆர்பிஎம் தேவையில்லை. ஆனால் டோர்க் (எஞ்சினின் முறுக்கு விசை) எண்ணுக்குத் தேவை. கிலோவாட் கணக்கில் உள்ள வலுவை 9549ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் வருவதுதான் நியூட்டன் மீற்றரில் டோர்க். 6000 ஆர்பிஎம்மில் 80 கிலோவாட் என்றால் டோர்க் 127. அதே ஓட்டத்தில் (ரோலரில் ஒருமுறை ஓட்டி அளப்பதைத்தான் ஓட்டம் என்கிறேன்) மெஷின் ஆர்பிஎம்மை இரட்டித்து 12000 என்று வாசித்தால் தாளில் 64 என்று விழும். எஞ்சினில் குறையில்லை, எண்ணில்தான் குறை. டியூனிங் செய்பவருக்கும் எந்தச் சுற்றில் எரிபொருள் கூடுகிறது, குறைகிறது என்று பார்க்க இந்த எண் வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குதிரைவலுவும் பவுண்ட்-அடி டோர்க்கும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டால் இரண்டு கோடும் 5252இல் வெட்டிக்கொள்ளும். அப்படி வெட்டினால் வரைபடம் சரி என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். டோர்க்கையே அந்த ஆர்பிஎம்மை வைத்துத்தான் மெஷின் கணக்கிடுகிறது. ஆர்பிஎம் பிழையாக இருந்தாலும் கோடுகள் 5252இல்தான் வெட்டும்.

1. பொனட்டைத் திறந்து எழுதி வையுங்கள்

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாவது இதைச் செய்யுங்கள். எஞ்சின் குறியீடு, தயாரித்த ஆண்டு, பெற்றோலா டீசலா, மனுவல் கியரா ஓட்டோவா சிவிடியா (படியில்லாமல் விகிதம் மாறும் கியர்), முன் சக்கர இழுவையா பின் சக்கர இழுவையா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ப்ளக் இருக்கும் இடத்தைப் பாருங்கள். தடித்த ரப்பர் வயர்கள் ப்ளக்குக்குப் போனால் ஒரு வழி. வயரே இல்லாமல் ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் ஒரு கொயில் உட்கார்ந்திருந்தால் வேறு வழி. 5ஏ எஞ்சின் உள்ள கொரொல்லா 110 முதல் வகை. 1என்இசட் எஞ்சின் உள்ள டொயோட்டாக்கள் இரண்டாவது வகை. டொல்பின் ஹையேஸில் வரும் 3எல் பழைய முறை டீசல். கேடிஎச் வேன் கொமன் ரெயில் டீசல், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. இவை நான்குக்கும் நான்கு விதமாகச் சிக்னல் எடுக்க வேண்டியிருக்கும்.

எஞ்சினை மேலிருந்து ஒரு படம், கொயில் பக்கத்தில் ஒரு படம், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள். டைனோக்காரருக்கு அனுப்ப அவை உதவும். உங்களுக்குச் சிங்களம் ஓடாவிட்டாலும் படம் பேசும். கொயில், சென்சர், கியர் என்ற சொற்கள் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

2. ஓபிடி சொக்கட்டை வீட்டிலேயே சோதியுங்கள்

சிக்னல் எடுக்க மிகச் சுத்தமான வழி, வாகனத்தின் கம்ப்யூட்டரிடமே கேட்பது. ஆனால் நம் ஊரில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே ஓடுபவற்றில் நிறைய, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு ரீகண்டிஷனாக வந்த வாகனங்கள். கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான 16 முனை ஓபிடி சொக்கட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். அதனால் அது பொதுவான ஓபிடி 2 மொழி பேசும் என்று அர்த்தமில்லை. 2008க்கு முந்திய ஜப்பான் வாகனங்கள் பல, தங்கள் கம்பனிக் கருவிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். டைனோக்காரர் தன் கேபிளைச் செருகிவிட்டு இணைப்பு வரவில்லை என்று கைவிரிப்பது இதனால்தான்.

ஒரு டோர்ச்சை அடித்துச் சொக்கட்டுக்குள்ளே பாருங்கள். 6ஆம் 14ஆம் முனைகளில் உலோகம் இருந்தால் அது பெரும்பாலும் கேன் முறை, வேகமானது. அவை வெறுமையாக இருந்து 7ஆம் முனையில் மட்டும் உலோகம் இருந்தால் பழைய கே-லைன் முறை. 16இல் பற்றரி மின்சாரம் வரவேண்டும், 4உம் 5உம் எர்த். 16இல் மின்சாரம் இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

அடுத்து ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி, போன் செயலியில் ஆர்பிஎம் ஒன்றை மட்டும் திறவுங்கள். சூடு, காற்று, வேகம் என்று பத்தையும் சேர்த்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்று பதில் வரும், ஆர்பிஎம் பின்தங்கும். ஐட்லில் பாருங்கள், 2000த்தில் பிடித்துப் பாருங்கள், 3000த்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு சட்டென்று அக்சிலரேட்டரை மிதித்து, எண் எவ்வளவு பிந்தி ஏறுகிறது என்று கவனியுங்கள். பிந்தல் சின்ன விஷயமில்லை. 2000த்திலிருந்து 6000 வரை எட்டு விநாடியில் ஏறும் ஓட்டத்தில் விநாடிக்கு 500 சுற்று கூடுகிறது. ஐந்தில் ஒரு விநாடி பிந்தினாலே வரைபடம் 100 ஆர்பிஎம் தள்ளிப் போகும். கே-லைன் வாகனத்தில் கோடு படிப்படியாக, ஏணி வைத்ததுபோல் வந்தால் காரணம் இதுதான்.

டைனோவுக்குப் போகும் அன்று உங்கள் அடாப்டர், ட்ரக்கர், அலாரம் என்று அந்தச் சொக்கட்டில் தொங்கும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒரே சொக்கட்டில் இரண்டு கருவி கேள்வி கேட்டால் இரண்டுக்குமே பதில் குழம்பும்.

3. ப்ளக் வயர் உள்ள பெற்றோல் எஞ்சின்

இவை பழையவை, ஆனால் ஆர்பிஎம் எடுக்க மிகச் சுலபமானவை. வயரில் ஓடும் மின் துடிப்பை வெளியிலிருந்தே உணரும் ஒரு இண்டக்டிவ் கிளாம்ப்பை முதலாம் சிலிண்டரின் வயரில் மாட்டினால் போதும். கிளாம்ப்பில் அம்புக்குறி இருந்தால் அது ப்ளக்கைப் பார்க்க வேண்டும். வாய் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலும் எண் விட்டுவிட்டு வரும். மற்ற வயர்களிலிருந்து தள்ளி, ப்ளக் பக்கமாக மாட்டுங்கள். கிளாம்ப்பின் கேபிளை ஓல்டனேட்டருக்கு மேலால் கொண்டுபோக வேண்டாம்.

ஊரில் செய்யவேண்டிய வேலை வயரைப் பார்ப்பது. இருட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, வயர்களில் எங்காவது நீலப் பொறி பறக்கிறதா என்று தூர நின்று பாருங்கள். பறந்தால் வயர் போய்விட்டது, மாற்றுங்கள். ப்ளக் ரெசிஸ்டர் வகையாக இருக்க வேண்டும். என்ஜிகே ப்ளக்கில் குறியீட்டுக்குள் ஆர் எழுத்து இருந்தால் அது ரெசிஸ்டர் வகை. ரெசிஸ்டர் இல்லாத ப்ளக் எழுப்பும் மின் இரைச்சலில் டைனோ கணக்குத் தடுமாறும்.

பிறகு எத்தனை சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே கொயிலின் பொறியை ஒவ்வொரு ப்ளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உள்ள எஞ்சினில் ஒரு வயரில் கிளாம்ப் போட்டால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆனால் ஒரு கொயில் இரண்டு ப்ளக்குக்குச் சேர்த்துப் பொறி கொடுக்கும் எஞ்சின்களில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொறி வரும். மெஷினில் இதை மாற்றாமல் விட்டால் 800 ஐட்ல் 1600 என்று காட்டும். சரியாக இரட்டிப்பாகவோ சரியாகப் பாதியாகவோ காட்டினால் வயரைத் தொடாதீர்கள், அமைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

4. கொயில் நேரே ப்ளக்கின் மேல் இருந்தால்

நம்மவர்களில் பலர் சிக்கும் இடம் இது. கிளாம்ப் மாட்ட வயரே இல்லை, பழைய ஜப்பான் வாகனமென்றால் ஓபிடியும் பேசாது. வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் முன்கூட்டி ஆயத்தம் கேட்கும்.

முதலாவது, கொயிலைக் கழற்றி மேலே தூக்கி, கொயிலுக்கும் ப்ளக்குக்கும் நடுவே ஒரு குட்டையான ப்ளக் வயரைப் போட்டு அதில் கிளாம்ப் மாட்டுவது. பல டைனோக்களில் இந்த நீட்டிப்பு வயர் இருக்கும். உங்கள் கொயிலின் வாய் அளவுக்குப் பொருந்துமா என்று படத்தை அனுப்பிக் கேளுங்கள். தூக்கிய கொயிலின் போல்ட் இடத்தை எர்த்தோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். சும்மா தொங்கவிட்டால் பொறி வேறெங்காவது பாயும்.

இரண்டாவது, கொயிலுக்குப் போகும் சிறிய வயரிலிருந்து சிக்னல் எடுப்பது. டொயோட்டாவின் நாலு வயர் கொயிலில் ஒன்று பற்றரி, ஒன்று எர்த், ஒன்று கம்ப்யூட்டர் கொடுக்கும் ஐஜிடி கட்டளை, மற்றது கொயில் திருப்பிச் சொல்லும் ஐஜிஎஃப். வேண்டியது ஐஜிடி. அது ஐந்து வோல்ட் அளவிலான மென்மையான சிக்னல். ஐஜிஎஃப்பை எர்த்தோடு தவறுதலாக முட்டவிட்டால், கொயிலில் கோளாறு என்று கம்ப்யூட்டர் நினைத்து எரிபொருளை நிறுத்தும். எந்த வயர் எது என்பதை வயரிங் வரைபடம் பார்த்து உறுதி செய்யுங்கள், நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

இரண்டே வயர் உள்ள கொயில் என்றால் கூடுதல் கவனம். அதன் எதிர்மறை வயரில் ஒவ்வொரு பொறிக்கும் 300, 400 வோல்ட் வரை உதைப்பு வரும். ஐந்து வோல்ட்டுக்குச் செய்த உள்ளீட்டில் இதை நேரே கொடுத்தால் டைனோவின் பெட்டி எரியும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். கையால் தொட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம்.

ஊரிலேயே நல்ல வாகன வயரிங் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, கொயில் சொக்கட்டுக்கு நடுவே பொருந்தும் ஒரு ‘டி’ இணைப்பு செய்துகொள்ளுங்கள். சொக்கட்டைக் கழற்றி நடுவே செருகினால் சிக்னல் வயர் தனியாக வெளியே வரவேண்டும். வாகனத்தின் வயரை வெட்டவும் கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. வாவி ஓரத்திலும் கடற்கரையிலும் வாழும் நமக்கு இது இன்னும் முக்கியம். குத்திய துளைக்குள் உப்புக் காற்று புகுந்து செம்பு பச்சையேறி, சில மாதத்தில் எஞ்சின் விட்டுவிட்டு ஓடத் தொடங்கும். அப்போது காரணம் கண்டுபிடிப்பது பெரும் கஷ்டம்.

5. டீசல்

பொறி இல்லை, ஆகவே ப்ளக் வழி எதுவும் இல்லை. டொல்பின் போன்ற பழைய டீசலில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயில் பீசோ கிளாம்ப் மாட்டலாம். ஒவ்வொரு முறை டீசல் பாயும்போதும் குழாய் மிகச் சிறிதாக விரியும், அதைக் கிளாம்ப் உணரும். குழாயின் நேரான பகுதியில் பெயின்ட், துரு, எண்ணெய் எல்லாவற்றையும் மணல்தாளால் தேய்த்து வெறும் உலோகமாக்கி வையுங்கள். குழாயின் வெளி விட்டத்தை அளந்து சொல்லுங்கள். குழாயின் அளவுக்கு ஏற்பக் கிளாம்ப்பும் வேறு.

கொமன் ரெயிலில் இதை நம்ப முடியாது. குழாயில் எப்போதும் உயர் அழுத்தம் நிற்கும், ஒரே சுற்றுக்குள் இரண்டு மூன்று முறை சின்னச் சின்னதாகப் பாய்ச்சும், எண் தாறுமாறாகக் குதிக்கும். அங்கே ஓபிடிதான் முதல் தெரிவு. இல்லையேல் ஓல்டனேட்டரின் டபிள்யூ முனை. அது கிராங் புலியின் (எஞ்சின் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றையல்ல, ஓல்டனேட்டரின் சுற்றைத் தரும் என்பதால் தெரிந்த ஒரு ஆர்பிஎம்மில் வைத்து அளவு சரிசெய்ய வேண்டும். பெல்ட் வழுக்கினால் அளவும் வழுக்கும். தேய்ந்த பெல்ட்டை மாற்றிவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, கிராங் புலியில் ஒட்டும் ஒளிரும் டேப்பும் ஒளிச் சென்சரும். எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் வேன், பிக்அப்களுக்குச் சரிவரும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, புலியைத் துடைத்து, ஒரே ஒரு துண்டு ஒட்டுங்கள். இரண்டு துண்டு ஒட்டினால் எண் இரட்டிக்கும். புலியில் வேறு பளபளப்பு இருந்தால் கறுப்பு மார்க்கரால் மறையுங்கள். வெயில் நேரே விழும் இடத்தில் இது சரியாக வேலை செய்யாது. முன் சக்கர இழுவைக் காரில் புலி சக்கரத்துக்குள்ளே ஒளிந்திருக்கும். அந்தச் சக்கரமே ரோலரில் சுற்றுவதால் அந்தப் பக்கம் கையோ சென்சரோ கொண்டுபோக நினைக்கவே வேண்டாம்.

6. ரோலர் வேகத்திலிருந்து கணக்கிடுவது

மனுவல் கியர் என்றால் வயர் எதுவும் இல்லாமலும் ஆர்பிஎம் எடுக்கலாம். ஓட்டம் எடுக்கப்போகும் கியரில் 3000த்தில் அசையாமல் பிடிப்பீர்கள், டைனோக்காரர் ஒரு பொத்தானை அழுத்துவார், இந்த வேகத்துக்கு இந்த ஆர்பிஎம் என்று மெஷின் பதிந்துகொள்ளும். கியர் விகிதம் மாறாதவரை கணக்கும் மாறாது.

ஊரில் இருந்தே இதைச் சரிபார்க்கலாம். 195/65 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.99 மீற்றர். கியர் 1க்கு 1, டிஃபரன்ஷியல் 4.1 என்று வைத்தால் 3000 ஆர்பிஎம்மில் மணிக்கு 87 கிலோமீற்றர் சொச்சம் வரும். பாரத்தில் டயர் கொஞ்சம் நசுங்குவதால் ரோலரில் சிறிது குறையும். உங்கள் எண் இதற்கு மிகத் தள்ளி நின்றால் எங்கோ பிழை.

கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. நீங்கள் 3000 என்று பிடிப்பது டாஷ்போர்ட் முள்ளை நம்பி. முள் பொய் சொன்னால் முழு வரைபடமும் அதே பொய்யைச் சொல்லும். ஓபிடி வேலை செய்தால் முன்னமே முள்ளை அதோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் வழுக்கும் வாகனத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். ஓட்டோ கியரில், எஞ்சினையும் கியரையும் எண்ணெய் மூலம் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டர் பூட்டிக்கொள்ளாதவரை வழுக்கல் இருக்கும், கணக்குச் சரியாக வராது. சிவிடியில் விகிதமே நிலையில்லாதது. இந்த வழியை மறந்துவிடுங்கள்.

டயர் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 6000 ஆர்பிஎம் என்றால் மணிக்கு 175 கிலோமீற்றர். மறுபடி ரப்பர் போட்ட டயர், பக்கம் வெடித்த டயர், வயது போன டயர் எதையும் அந்த வேகத்துக்கு ரோலரில் ஓட்டக் கூடாது. உயிர் போகும் விஷயம்.

7. ஹைபிரிட்

அக்குவா, ப்ரியஸ் போன்றவற்றில் எஞ்சின் சுற்றுக்கும் சக்கர வேகத்துக்கும் நிலையான தொடர்பே இல்லை. எஞ்சின் தானாக நிற்கும், தானாக எழும். ஆர்பிஎம்முக்கு ஓபிடிதான் சரிவரும் வழி. வரைபடத்தை வேகத்துக்கு எதிராக எடுப்பதுதான் பயன் தரும். எஞ்சினை விடாமல் ஓடவைக்கும் பராமரிப்பு முறை ஒன்று டொயோட்டா ஹைபிரிட்களில் உண்டு. அந்த முறையில் வைத்துக்கொண்டு வீதியில் ஓடக்கூடாது, கியர்பெட்டி கெடும். ஹைபிரிட் தெரிந்த டைனோவாகப் பார்த்துப் போங்கள். மற்றவரிடம் போனால் நேரமும் காசும் வீண்.

8. பதிவு செய்யும்போது கேளுங்கள்

தொலைபேசியில் பேசுவதோடு நிற்காமல், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி அனுப்பலாம்:

“வாகனம் இது, எஞ்சின் குறியீடு இது, கொயில் ப்ளக் மேல் உள்ளது, படம் இணைத்துள்ளேன். ஆர்பிஎம் எந்த வழியில் எடுப்பீர்கள்? அதற்கான கேபிள் அல்லது கிளாம்ப் உங்களிடம் இருக்கிறதா? மாட்டும் நேரத்துக்குத் தனியாகக் காசு உண்டா? எத்தனை ஓட்டம் தருவீர்கள்? அச்சுத் தாளோடு தரவுக் கோப்பும் கிடைக்குமா?”

கட்டணம் ஓட்டக் கணக்கிலா மணிக் கணக்கிலா என்பதுதான் முழுச் செலவையும் தீர்மானிக்கும். மணிக் கணக்கென்றால் ஆர்பிஎம் தேடும் நேரமும் உங்கள் பில்லில் ஏறும். ஓட்டக் கணக்கென்றால், ஆர்பிஎம் அறுந்து கெட்டுப்போன ஓட்டத்தையும் எண்ணுவார்களா என்று கேட்டுத் தெளியுங்கள். ஆர்பிஎம் கிடைக்காவிட்டால் காசு குறையுமா என்றும் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு நின்று வாதாடுவதைவிட இப்போது கேட்பது இருவருக்கும் நல்லது.

பெரிய செலவு பயணம்தான். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்வர 620 கிலோமீற்றருக்குக் குறையாது. லீற்றருக்கு 14 ஓடும் கார் என்றால் 45 லீற்றர் கணக்கு வையுங்கள். ரோலரில் எரிவது அதோடு ஒப்பிட்டால் சொற்பம், ஆனாலும் தாங்கி அரைவாசியாவது இருக்கட்டும். 92 ஒக்டேனா 95ஆ என்பதைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை வேறு எரிபொருளோடு போனால் இரண்டு தாளையும் ஒப்பிட முடியாது.

9. பத்திரங்கள்

சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, பதிவுப் புத்தகத்தின் பிரதி. இவை பாதைக்கு. வாகனம் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரிடம் ஒரு சம்மதக் கடிதமும் அவரது அடையாள அட்டைப் பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் முடிய நாள் கிட்டியிருந்தால் புதுப்பித்துவிட்டுப் புறப்படுங்கள். அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

டைனோவில் சேதம் வந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று கையெழுத்துக் கேட்கக்கூடும். வாசித்துவிட்டுப் போடுங்கள். சிங்களத்தில் மட்டும் இருந்தால் தெரிந்த ஒருவருக்குப் படமெடுத்து அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் போட வேண்டாம். ரோலரில் வரும் சேதத்தைக் காப்புறுதி ஏற்குமா என்பதை முகவரிடம் முன்னமே எழுத்தில் கேளுங்கள்.

10. எப்போது புறப்படுவது

காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். மற்றவர் வாகனம் இழுபட்டால் உங்கள் நேரம் குறையாது, காற்றும் குளிர்ந்திருக்கும். அதற்காக இரவோடிரவாக ஓட வேண்டாம். வெலிக்கந்தை, மின்னேரியா, ஹபரணை வரை இருட்டியபின் யானை பாதையில் நிற்கும். முதல் நாள் பகலிலேயே கொழும்புக்குப் போய்த் தங்குங்கள். எஞ்சினும் இரவு முழுதும் ஆறும். அம்பாறையிலிருந்து மகியங்கனை, கண்டி வழியாகப் போகிறவர்கள் பதினெட்டு வளைவு ஏறிய பிறகு பிரேக்கையும் டயரையும் ஒருமுறை பாருங்கள்.

போயா நாட்களைக் கலண்டரில் பார்த்துத் தவிருங்கள், பெரும்பாலான கராஜ்கள் மூடியிருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் பொலன்னறுவைப் பக்கம் கல்லெல்லவில் வெள்ளம் வந்து பாதை அடைபடும். முற்பணம் கட்டியிருந்தால், பாதை மூடினால் நாள் மாற்றித் தருவார்களா என்று கேட்டு வையுங்கள்.

11. ரோலரில் ஏறியதும்

வாகனத்தைக் கட்டி முடித்ததும் முழு ஓட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஐட்ல், 2000, 3000, 4000 என்று பிடித்து டைனோத் திரையையும் டாஷ்போர்ட் முள்ளையும் ஒப்பிடுங்கள். நாலு இடத்திலும் ஒத்துவந்தால் அடுத்த படி. ஒரு இடத்தில் மட்டும் விலகினால் மின் இரைச்சல், எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் விலகினால் அமைப்புப் பிழை.

பிறகு அரை மிதியில் ஒரு மெல்லிய ஓட்டம். சும்மா நின்று உறுமும்போது சரியாக வந்த எண், பாரம் ஏறியதும் அறுவது சாதாரணம். பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது, மின் இரைச்சலும் கூடுகிறது. இதை அரை மிதியில் கண்டுபிடித்தால் ஒரு ஓட்டம் மிஞ்சும்.

திரையில் என்ன பார்ப்பது? கோடு சட்டென்று மேலே குத்தி மீண்டும் இறங்கினால் பக்கத்து வயரின் பொறியைக் கிளாம்ப் பிடிக்கிறது. தள்ளி மாட்டச் சொல்லுங்கள். பூச்சியத்துக்கு விழுந்து எழுந்தால் கிளாம்ப் தளர்ந்துவிட்டது, அல்லது எர்த் விட்டுவிட்டது. ஏணிபோல் ஏறினால் ஓபிடி மெதுவாகப் பதில் சொல்கிறது. ரோலர் வேகத்தைவிட ஆர்பிஎம் மட்டும் முந்தி ஏறினால் கிளட்ச் அல்லது டயர் வழுக்குகிறது. அந்த ஓட்டத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அச்சுத் தாளில் ஆர்பிஎம் எங்கிருந்து எடுத்தது, எந்தக் கியர், டயர் காற்று எவ்வளவு, காற்றின் சூடு, அழுத்தத்துக்காக எந்தத் திருத்தக் கணக்கு என்பவற்றை எழுதச் சொல்லி வாங்குங்கள். அடுத்த முறை அதே வழியில் எடுத்தால்தான் முன்னையதோடு ஒப்பிடலாம்.

12. எவ்வளவு முயன்றும் கிடைக்காவிட்டால்

ஓட்டத்தை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். வரைபடத்தைக் கிலோமீற்றர் வேகத்துக்கு எதிராக எடுக்கச் சொல்லுங்கள். குதிரைவலு அப்படியே சரியாக இருக்கும். மனுவல் வாகனமென்றால், அதே கியரில் முள் 3000 காட்டும்போது ரோலர் எத்தனை கிலோமீற்றர் காட்டுகிறது என்பதை மட்டும் தாளின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள். 3000த்தை அந்த எண்ணால் வகுத்து, தரவுக் கோப்பில் உள்ள ஒவ்வொரு வேகத்தையும் அதனால் பெருக்கினால் ஆர்பிஎம் வரும். வலுவைக் கிலோவாட்டில் எடுத்து, டோர்க் கணக்கை 9549ஐ வைத்து வீட்டில் உட்கார்ந்தே போட்டுவிடலாம்.